காலை இழந்த மாலை

நம் இலக்கியக் கூட்டங்களில் 'சொல் விளையாட்டு' என்பது ஒரு வசைச்சொல். ஒரு கவிதை பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று விளக்கப் பொறுமையும் இல்லை என்றால் "வெறும் சொல் விளையாட்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். யாரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். அண்மையில் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த ஒரு கலந்துரையாடலில் மூத்த எழுத்தாளர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "குறுக்கெழுத்து போடுறவன் கடைசிவரைக்கும் குறுக்கெழுத்துதான் போடுவான். நாவல் எழுதமாட்டான்." அரங்கமே சிரித்தது. நானும் பக்கத்தில் இருந்த நண்பரும் மட்டும் சிரிக்கவில்லை. அன்று காலை கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வரும்போதுதான் இருவருமாக மண்டையை உடைத்து ஒரு கட்டத்தை முடித்திருந்தோம்.

முதலில் அந்த வாக்கியத்துக்கு ஒரு பதில். விளாதிமிர் நபக்கோவ் 1920களில் பெர்லினில் அகதியாக இருந்தபோது ரஷ்ய நாளிதழுக்குக் குறுக்கெழுத்து அமைத்துக் கொடுத்தவர். பிரெஞ்சு நாவலாசிரியர் ஜார்ஜ் பெரெக் 1970களில் ஒரு வார இதழுக்கு வாராவாரம் குறுக்கெழுத்து போட்டவர். நடுவில் இருவரும் கொஞ்சம் நாவலும் எழுதினார்கள். அதுவும் பெரெக் 1969இல் எழுதிய ஒரு முழு நாவலில், பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் 'ஈ' என்ற எழுத்து ஓரிடத்தில்கூட வராது. சர்க்கஸ் என்றுதான் நம் மூத்தவர் சொல்வார். பெரெக்கின் அப்பா 1940இல் போர்முனையில் செத்தவர். அம்மாவை 1943இல் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றிப் போனார்கள். அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் தந்தை (père) என்றும் எழுத முடியாது, தாய் (mère) என்றும் எழுத முடியாது. விளையாட்டு ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தது யார்?

குறுக்கெழுத்து என்றதும் பலருக்கு ஞாயிறு பதிப்பின் கடைசிப் பக்கம்தான் ஞாபகம் வரும். 'பேராக் மாநிலத் தலைநகரம்', 'குரங்கு விரும்பி உண்ணும் பழம்', 'கலைந்துள்ளது' என்று போட்டு எழுத்தைக் கலைத்து வைத்திருப்பார்கள். அதைப் பொது அறிவுத் தேர்வு என்று சொல்லலாம். அதற்காக நான் வாதாட வரவில்லை. நான் பேசுவது ஆங்கிலத்தில் கிரிப்டிக் என்று சொல்லப்படும் வகையைப் பற்றி. முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பரில் நியூயார்க்கில் ஆர்தர் வின் என்பவர் போட்டது. அது நேரடி வகை. கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போன பிறகுதான் அது குதர்க்கம் பேசக் கற்றுக்கொண்டது.

கிரிப்டிக் குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். படித்தால் ஏதோ ஒரு அர்த்தம் வரும். அந்த அர்த்தம் பொய். உண்மையில் அந்த வாக்கியத்துக்குள் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. ஒன்று விடையின் நேர்ப்பொருள். இன்னொன்று விடையை எழுத்து எழுத்தாகக் கட்டுவதற்கான வழி. இரண்டும் ஒரே சொல்லில் போய் முட்ட வேண்டும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

விளக்கிக்கொண்டிருப்பதைவிட ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 'காலை இழந்த மாலை குன்றாகும் (2)'. படித்தவுடன் ஏதோ சோகக் கவிதை மாதிரி இருக்கிறது, இல்லையா? விடியலைத் தொலைத்த அந்தி, குன்றிப் போகிறது. இந்தக் காலத்து முகநூல் கவிதையாகவே போட்டு நூறு விருப்பக்குறி வாங்கலாம். இப்போது கவிதையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு எழுத்தைப் பாருங்கள். 'கால்' என்பது துணைக்கால். 'மாலை' என்ற சொல் தன் காலை இழந்தால்? மலை. குன்று. ஈரெழுத்து. 'காலை' என்றதும் உங்கள் மனம் சூரியனைப் பார்த்தது, எழுத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு நொடிச் சறுக்கலில்தான் முழு இன்பமும் இருக்கிறது.

இதை ஆங்கிலத்தில் செய்ய முடியாது. அவர்களுடைய எழுத்துக்குக் கால் கிடையாது.

ஆனால் நம்மவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில், "தமிழுக்கு இதெல்லாம் ஒத்துவராதுலா" என்பதுதான். ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரிடம் நான் நான்கு கட்டங்கள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயரும் வேண்டாம், காசும் வேண்டாம் என்றேன். அவர் ஒரு குறிப்பைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "நம்ப வாசகருங்களுக்கு இது கஷ்டம் தம்பி. ராசிபலனுக்குப் பக்கத்துல போடுற மாதிரி ஏதாச்சும் கொண்டாங்க." தன் வாசகர்கள் முட்டாள்கள் என்று நம்பும் ஆசிரியரின் பத்திரிகை எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் வாங்கிப் பார்க்கலாம்.

ஒத்துவராது என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். 247 எழுத்து, அதனால் எழுத்தைக் கலைத்துப் போட முடியாது என்கிறார்கள். 'நகரம் கலைந்தால் பாவிகள் சேருமிடம் (4)'. மாலை ஆறு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளான் பக்கமாகக் காரில் போகிறவர்களுக்கு நகரத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் இரண்டு எழுத்து இடம் மாறினால் போதும் என்பது தெரியும். ஒரு சொல்லுக்குள் இன்னொன்றை ஒளிக்க முடியாது என்கிறார்கள். 'கவிதைக்குள் முளைக்கக் காத்திருப்பது (2)'. விடையைச் சொல்லி உங்களை அவமதிக்க மாட்டேன். வேற்றுமை உருபு வந்து ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்கிறார்கள். இது கொஞ்சம் யோசித்துச் சொன்ன ஆட்சேபம், ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் சொற்கள் தனித்தனியாக நிற்கும், நம்மிடம் 'ஐ', 'ஆல்', 'கு' எல்லாம் முதுகில் ஏறிக்கொள்ளும். ஆனால் அந்த உருபையே ஆயுதமாக்கலாமே? 'பட்டதாரி தேடுவது முருகனின் ஆயுதத்தை (2)'. ஆயுதம் இல்லை, ஆயுதத்தை. வேல், அதனுடன் ஐ. வேலை. உருபு இல்லாவிட்டால் இந்தக் குறிப்பே கிடையாது.

உண்மையான சிரமங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. கட்டம் போட்டுப் பார்த்தவர்களுக்கே அவை தெரியும். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. ஆகவே குறுக்காகப் போகும் சொல்லின் நடுவில் ஒரு புள்ளி எழுத்து இருந்தால், அங்கிருந்து நெடுக்காக ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. அதே காரணத்தால் ம், ன், ல், ர் என்று முடியும் சொற்களைத் திருப்பிப் போட்டு இன்னொரு சொல் செய்ய முடியாது. தமிழில் பாதிச் சொற்கள் அப்படித்தான் முடிகின்றன. வால்மீகிக்கு 'மரா' கிடைத்தது அதிர்ஷ்டம். ஆனால் இதற்கு ஈடாக ஒரு சலுகை உண்டு. ஆங்கிலக் கட்டத்தில் குறுக்கே ஒரு எழுத்து கிடைத்தால் பெரிய உதவி ஒன்றும் இல்லை. தமிழில் இரண்டாம் எழுத்து 'ழை' என்று தெரிந்தாலே மழை, தழை, பிழை, ஏழை, வாழை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு எழுத்து அவ்வளவு சொல்லிவிடுவதால் குறிப்பைத் தாராளமாகக் கடினமாக்கலாம். அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் பல ஆண்டுகள் இதைச் செய்து காட்டியிருக்கிறார். ஒத்துவராது என்று இன்னும் சொல்கிறவர்கள் ஒன்றைக்கூடப் போட்டுப் பார்த்தவர்கள் இல்லை.

அடுத்த கூட்டம் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. இவர்கள்தான் எனக்கு அதிக எரிச்சலூட்டுபவர்கள். "இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதா? நம்மகிட்ட ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே இருக்கு." ஒரு பட்டியலும் கையில் வைத்திருப்பார்கள். பட்டியல் உண்மைதான். தொல்காப்பியம் பிசியை, அதாவது விடுகதையை, பாட்டு, உரை, நூலோடு சேர்த்து வரிசையில் உட்கார வைக்கிறது. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் மாத்திரைச் சுருக்கம் இருக்கிறது, நெடிலைக் குறிலாக்கி வேறு சொல் பெறுவது. மேலே மாலையை மலையாக்கினோமே, அதேதான். எழுத்து வருத்தனம் இருக்கிறது, எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் புதுச்சொல் செய்வது. வினாவுத்தரம் இருக்கிறது, சில கேள்விகளின் விடைகளை வரிசையாகச் சேர்த்தால் ஒரு பெயர் வரும். சம்பந்தர் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். காளமேகத்தின் சிலேடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, இருந்தது. அதற்காக இது அது ஆகிவிடுமா? காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் கட்டும்போது, பாம்பு என்றும் வாழைப்பழம் என்றும் நமக்கு முன்பே தெரியும். எதுவும் ஒளிந்திருக்கவில்லை. எப்படிக் கட்டினார் என்று பார்த்து வியக்கிறோம், கைதட்டுகிறோம். நாகபந்தம் படம் போட்டால் வாய்பிளந்து பார்க்கிறோம். சித்திரகவி புலவரின் மேடை, அரசன் முன்னால் அவர் வித்தை காட்டும் இடம். விடுகதையில் ஒளிந்திருப்பது உண்டு, ஆனால் ஒரு வழிதான் உண்டு. விடை சரியா என்று விடுகதை போட்டவர் தலையாட்டினால்தான் தெரியும். கிரிப்டிக்கில் இரண்டு வழிகள் ஒரே இடத்தில் சந்திப்பதால், சரியான விடை தன்னைத்தானே உறுதிசெய்துகொள்ளும். யாரும் தலையாட்ட வேண்டாம். ஆசிரியர் வேண்டாம், உரையாசிரியர் வேண்டாம். கொமுட்டரில் நின்றுகொண்டிருக்கும் பதினெட்டு வயதுப் பெண் தனியாகவே "ஆமா, இதுதான்" என்று சொல்லிக்கொள்ளலாம். வாசகர் கையில் இப்படி ஒரு அதிகாரத்தைக் கொடுத்தது நம் சித்திரகவி அல்ல. பெருமை பேசுவதற்காக இந்த வித்தியாசத்தை மறைப்பது, மரபுக்கும் நல்லதில்லை.

இங்கே புதிர் அமைப்பவருக்கு ஒரு ஒழுக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் அஃப்ரிட், ஸிமனீஸ் என்ற புனைபெயர்களில் எழுதிய இரண்டு பள்ளி ஆசிரியர்கள் இதை வகுத்தார்கள். ஸிமனீஸின் புத்தகம் 1966இல் வந்தது. சாரம் இதுதான்: வாசகரை ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது. வாக்கியம் வேறு எதையோ பேசுவதாகத் தோன்றலாம், ஆனால் அவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைச் செய்திருக்க வேண்டும். ஒரு சொல்கூட அடைப்புக்காக வரக்கூடாது. நம் சிறுகதைகளை இந்த விதிக்கு உட்படுத்தினால் எத்தனை தேறும் என்று ஒருநாள் பார்க்க வேண்டும்.

குறுக்கெழுத்தின் மேல் தமிழ் இலக்கியவாதிகளுக்கு உள்ள இளக்காரத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அது நியாயமான வரலாறுதான். 1930களில் ஆனந்த விகடன் போன்ற பத்திரிகைகள் குறுக்கெழுத்தைப் பரிசுப் போட்டியாக நடத்தின. இந்தியா முழுக்கவே அப்போது அந்த மோகம். கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும், பரிசோ பெரியது. அந்த வகைப் போட்டிகளில் ஒரே குறிப்புக்கு இரண்டு மூன்று விடைகள் சமமாகப் பொருந்தும். எது 'சரி' என்பது முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும். பெயர்தான் குறுக்கெழுத்து, ஆடியது சூதாட்டம். 1955இல் இந்திய நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு இந்த வியாபாரத்தின் மேல் அருவருப்பு இருந்திருந்தால் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் போட்டியின் அடையாளமே எந்த விடையும் பொருந்தும் என்பது. கிரிப்டிக்கின் அடையாளம் ஒரே விடைதான் பொருந்தும் என்பது. தாத்தா லாட்டரியில் காசைத் தொலைத்தார் என்பதற்காகப் பேரன் கணக்குப் பாடத்தை வெறுப்பது மாதிரி இருக்கிறது நம் கதை.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். தமிழர்களுக்குக் கிரிப்டிக் தெரியாது என்பதில்லை. சென்னையில் 'தி இந்து'வின் ஆங்கிலக் கிரிப்டிக்கைக் காலைக் காப்பியோடு முடிக்காவிட்டால் அன்றைய நாளே ஓடாது என்னும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இங்கேயும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்த பழைய ஆட்கள் சிலர் ஆங்கிலப் புதிரில் புலிகள். மூளையை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டு, தமிழுக்குக் கண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டோம். தமிழ் என்றால் பற்று, தமிழ் என்றால் கடமை, தமிழ் என்றால் மேடையில் தழுதழுப்பு. தமிழில் குறும்பு செய்வதென்றால் பட்டிமன்றத்தில் மனைவியைக் கேலி செய்வது. நடுவில் ஒன்றுமே இல்லை.

நம் தமிழ்ப்பள்ளிகளில் 'செய்யுளும் மொழியணியும்' என்று ஒரு பகுதி இருக்கிறது. மரபுத்தொடர், இரட்டைக்கிளவி, உவமைத்தொடர் எல்லாம் வரும். மொழியின் விளையாட்டு மைதானமே அதுதான். அங்கே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? இடதுபக்கம் தொடர், வலதுபக்கம் பொருள், மனப்பாடம். 'கரி பூசுதல்' என்றால் 'அவமானப்படுத்துதல்', மதிப்பெண் ஒன்று. கரி எங்கிருந்து வந்தது, யார் முகத்தில் யார் பூசியது என்று கேட்கும் பிள்ளைக்கு நேரமில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று ஆறு வருடம் பழக்கிவிட்டு, இடைநிலைப்பள்ளியில் நாவலைக் கையில் கொடுக்கிறோம். பிறகு அவர்கள் "கதை என்ன கருத்து சொல்ல வருது சார்?" என்று கேட்டால் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் காது ஏற்கெனவே இரட்டைக் காது. அதைப் பழக்க வேண்டியதே இல்லை, கெடுக்காமல் இருந்தால் போதும். 'மலாய்ச் சோற்றுக்குத் தமிழில் மூக்கு உண்டு (2)' என்று என் தங்கை மகளிடம் கேட்டேன். பதினோரு வயது. மூன்று விநாடியில் "நாசி!" என்றாள். சென்னைப் பேராசிரியர் ஒருவர் இதற்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வார். அடுத்ததை அவளே செய்தாள்: 'மலாயில் வா என்றழைத்தால் தமிழில் மழை (2)'. மாரி. அதற்கு அடுத்த நாள் எனக்கு வந்தது இது, இன்னும் என் செல்லக் குறிப்பு: 'பினாங்குச் சோற்றில் மூக்கைப் பார்த்தார் (2,4)'. நாசி கண்டார். தோளில் கண்டார் கம்பு சுமந்து சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு அது. மலாயில் கண்டார் என்பது காவுதடி, தமிழில் பார்த்தார். இரண்டு மொழியும் ஒரே சட்டியில் கொதிக்கிற இடம்.

"தமிழ்ப் புதிரில் மலாய்ச் சொல்லா?" என்று உடனே ஒரு கை உயரும், தெரியும். கப்பலும் கடையும் பெட்டியும் கட்டிலும் மலாய்க்குள் போய்க் குடியேறி நூற்றாண்டுகள் ஆகின்றன. அப்போது பெருமைப்பட்டீர்கள். எதிர்த்திசையில் இரண்டெழுத்து வந்தால் கற்பு போய்விடுமா? வருடா வருடம் தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் ஏறுகிறோமே பத்துமலை, அதன் பெயரே மலாய் 'பத்து'. கல். நாம் அதை எண்ணாகக் கேட்டோம். கேட்டதோடு நிற்காமல், முருகனுக்கு இந்தியாவில் ஆறு படைவீடு, மலேசியாவில் நான்கு, ஆகப் பத்தாவது மலை இது என்று ஒரு கணக்கையும் கட்டிவிட்டோம். ஒரு மொழியில் கல்லாகக் கிடந்ததை இன்னொரு மொழியின் காது எண்ணாக்கி, எண்ணைத் தெய்வமாக்கிவிட்டது. இந்த நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து செய்த மிகப்பெரிய சிலேடை அதுதான். இலக்கியமாக இல்லாத சொல் விளையாட்டு இவ்வளவு கூட்டத்தைச் சேர்க்குமா?

அரச நகரமான கிள்ளானையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நுள்ளமாட்டான் என்கிறது அரச நகரம் (4)'. கிள்ளு, கிள்ளுவான், கிள்ளான். எதிர்மறை வினைமுற்று. இந்த இலக்கணத்தைப் படிவம் ஐந்து மாணவர் ஒருவருக்குப் பாடநூலை வைத்து நடத்திப் பார்த்தேன், கொட்டாவி விட்டார். குறிப்பாகப் போட்டேன், தன் ஊர்ப்பெயர் பதினேழு வருடமாக 'கிள்ளமாட்டான்' என்று சொல்லிக்கொண்டிருந்ததா என்று சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அதற்குப் பிறகு ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள கடைப் பெயர்ப்பலகை ஒவ்வொன்றையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்.

அந்தச் சந்தேகம்தான் எனக்கு வேண்டியது. நம் தோட்டத்து மக்களிடம் 'மேம்பாடு' என்ற சொல்லைச் சொல்லித்தான் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மேலே படித்தால் நல்ல சொல். வாக்கியத்தின் எந்தத் துண்டு நேர்ப்பொருள், எந்தத் துண்டு வேறு வேலை பார்க்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அப்போது அதிகம் இருந்திருந்தால் வழக்கு ஜெயித்திருக்கும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஆனால் அறிக்கையை அறிக்கையாகவே படிக்கும் வாசகர்களை உருவாக்கிக்கொண்டே, இங்கே அரசியல் கதை எழுத ஆளில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

கடைசியாக, விளையாட்டில் உயிர் இல்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 'கார்டியன்' நாளிதழுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் புதிர் அமைத்தவர் ஜான் கிரஹாம், புனைபெயர் அராக்காரியா. பாதிரியார். 2013 ஜனவரியில், தொண்ணூற்றொரு வயதில், தனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதை அவர் வாசகர்களுக்குத் தெரிவித்தது ஒரு குறுக்கெழுத்தில்தான். நோயின் பெயரும் சிகிச்சையும் விடைகளாகக் கட்டத்துக்குள் இருந்தன. அவிழ்த்தவர்கள் ஒவ்வொரு எழுத்தாக, தங்கள் கையாலேயே, அந்தச் செய்தியை எழுதிக்கொண்டார்கள். அந்த வருடம் நவம்பரில் அவர் இறந்தார். எழுத்தாளர் ஒருவர் தன் மரணத்தை வாசகரிடம் இதைவிட நெருக்கமாகச் சொன்ன இடம் எனக்குத் தெரிந்து குறைவு.

பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்த மூத்த எழுத்தாளரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். "ஐயா, நேரம் கிடைக்கும்போது பாருங்க" என்றேன். அதில் ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது. புணர்ச்சி விதி தெரிந்தவருக்கு, பழந்தமிழ் படித்தவருக்கு, ஒரு நிமிட வேலை. இதுவரை பதில் இல்லை. நீங்களாவது முயன்று பாருங்கள்:

'குறியோடு வாத்தியம் சேர்த்து எழுத்தாளன் தருவது (6)'.